மாடி அறையில் நான் செத்துக் கிடந்த நாள்

என்னைக் கொன்றுவிட்டேன் என்று என்னையே பிடித்து வைத்த ஊர் பெரம்பலூர். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்புக் கிடைத்திருக்கும்?

அப்போது நான் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். இறந்த உடலில் ஈ முட்டையிடும், புழு பொரியும், அந்தப் புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால், இறந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணிக்கலாம். போலீசுக்கு உதவும் படிப்பு. (போலீஸ் எனக்கு உதவியதைப் பின்னால் சொல்கிறேன்.) எங்கள் பக்கத்து வெயிலில் புழு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பது என் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வாளியில் ஆட்டு ஈரலைப் போட்டு வளர்க்க ஆரம்பித்தேன். பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, ஆராய்ச்சி முக்கியந்தான். ஆனா நாங்களும் மத்தியானம் சாப்புடணும்ல?" என்றார். வாளி என் அறைக்குக் குடிவந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். கீழ் வீட்டில் செல்வி அக்கா. அவர் பெயர் செல்வி என்பதே அவர் கணவர் கூப்பிடுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். எனக்குக் கூச்சம் அதிகம். விடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்குவேன். திரும்பி வந்தால் ஹெல்மெட்டோடு படியேறி, கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றுவேன். (யாராவது "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?) மாதக்கணக்கில் குடியிருந்தும் அந்தத் தெருவில் என் முகத்தைப் பார்த்தவர் இல்லை, என் போன் நம்பர் எவரிடமும் இல்லை. பேச்செல்லாம் வாளியோடுதான். எனக்குத் தயிர்சாதம், புழுக்களுக்கு ஈரல். "நல்லா சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். இப்படியே போய்ச் சேர்ந்தால் யாருக்கு எப்போது தெரியும் என்று யோசிப்பேன். ஈக்கு உடனே தெரிந்துவிடும். மனிதர்கள் விஷயத்தில் என்னால் எந்தக் கணிப்புக்கும் வர முடியவில்லை.

சித்திரை மாதம் தா.பழூரில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பதால் என்னையும் தேடினார்கள். பைக்கையும் ஹெல்மெட்டையும் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போனேன். உடனே திரும்பியிருக்க வேண்டும். அம்மா இருந்துட்டுப் போயேன் என்றதும் இருந்துவிட்டேன். புழுக்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. வளர்ந்து முடித்த புழு, கூட்டுப்புழுவாகும் முன் இரையை விட்டுவிட்டு உலர்ந்த இடம் தேடிக் கிளம்பிவிடும். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். வாளியின் வலைத்துணியைத்தான் இறுக்கிக் கட்டவில்லை.

திரும்பி வந்து தெருவில் நுழைந்தால், நான் குடியிருந்த வீட்டு வாசலில் பெருங்கூட்டம். பனியனோடு நின்றவரிடம், "என்னங்க ஆச்சு?" என்றேன்.

"மாடி வூட்டுத் தம்பி செத்துப் போயிட்டாருங்க. கதவுக்கடியிலேர்ந்து புழு நெளிஞ்சு படியில எறங்குது. நாத்தம் தாங்கல."

"மாடியிலயா?"

"வெளியில பூட்டிருக்கு பாருங்க. எவனோ முடிச்சுட்டுப் பூட்டிட்டுப் போயிட்டான்."

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் செல்வி அக்கா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "யாரு பெத்த புள்ளயோ. ஒரு நாளாச்சும் சாப்டியான்னு கேட்டிருக்கலாம்ல?" பக்கத்தில் நின்ற பெண், "தங்கமான தம்பிக்கா" என்று மூக்கைச் சிந்தினார். என்னைத் தங்கம் என்று ஒருவர் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. அந்தத் தம்பி பாவம் என்று உண்மையிலேயே தோன்றியது.

போலீஸ்காரர் வந்து, பூட்டை உடைக்கக் கல் கேட்டார். நல்ல பூட்டு. மனசு கேட்காமல், "இருங்க சார், சாவி இருக்கு" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. பனியன்காரர் என் கையை இறுகப் பிடித்தார்.

"நான்தாங்க அந்த மாடித் தம்பி!"

"நீயா? அந்தத் தம்பி இன்னும் ஒசரம்யா." (ஹெல்மெட்டின் உயரம்.)

ஆதார் அட்டையை நீட்டினேன். போலீஸ்காரர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது; ஆதாரில் இருப்பவரை எனக்கே தெரியாது. பதற்றத்தில் படிப்பைத் துணைக்கு அழைத்தேன். "சார், புழுவப் பாத்தாலே செத்து எவ்ளோ நாளாச்சுன்னு சொல்லிடுவேன். அதான் சார் என் வேலையே."

"அவனே ஒத்துக்கிட்டான் சார்" என்றார் பனியன்காரர்.

செல்வி அக்கா எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அந்தப் புள்ளய என்னடா பண்ணுன?" எனக்காக ஒருவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வலித்தாலும் நன்றாக இருந்தது.

கதவைத் திறந்தார்கள். உள்ளே போன போலீஸ்காரர் போன வேகத்தில் வெளியே வந்து சுவரோரம் குனிந்து ஓங்கரித்தார். நிமிர்ந்ததும், "பாடி எங்கடா?" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளே நுழைந்து, ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மாடி வாசலில் வந்து நின்றேன்.

"அட, நம்ம மாடித் தம்பி!" என்று தெருவே கத்தியது.

கொஞ்ச நேரத்தில் ஒருவரும் இல்லை. உயிரோடு இருப்பவனை நின்று பார்க்க என்ன இருக்கிறது? போலீஸ்காரர் மட்டும் கிளம்பும்போது, "இனிமே எங்கயாச்சும் போனா சொல்லிட்டுப் போய்யா" என்றார். யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, துடைப்பத்தை எடுத்துப் படியில் கிடந்த புழுக்களைக் கூட்ட ஆரம்பித்தேன். அத்தனை கூட்டத்துக்குப் பிறகு அந்த அறையில் தனியாக உட்காரவே முடியவில்லை.

மறுநாள் காலை, மாடிப்படிக் கம்பியைக் கரண்டியால் தட்டும் சத்தம். "தம்பி, இருக்கியா?" என்று செல்வி அக்காவின் குரல்.

"இருக்கேங்க்கா."

"சரி." அவ்வளவுதான். நான் அறையைக் காலி செய்யும்வரை தினமும் கம்பி தட்டப்பட்டது.

இதை அம்மாவிடம் சொன்னது தப்பு. எனக்குக் கல்யாணமானதும் அம்மா அதை என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இப்போது எனக்கு அரியலூரில் வேலை. மனைவியும் மகளும் கோயம்புத்தூரில். மறுபடியும் ஒற்றை அறை, தயிர்சாதம். காலையில் போன் வரும். ஹலோ கிடையாது. "இருக்கீங்களா?" என்பார் மனைவி, பின்னால் மகள் சிரிப்பது கேட்கும். "இருக்கேன்" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார்.

போன மாதம் ஒருநாள் சார்ஜ் போட மறந்து போன் அணைந்து கிடந்தது. பல் தேய்த்து முடிப்பதற்குள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. எதிர்வீட்டுக்காரர், லுங்கியோடு, மூச்சு வாங்க நின்றார்.

"சார், உங்க வூட்டம்மா போன் பண்ணாங்க. இருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

அவர் நம்பரை மனைவி எப்போது வாங்கி வைத்தார் என்று எனக்கே தெரியாது. வாயில் நுரையோடு, "இருக்கேங்க" என்றேன்.

அவர் போகவில்லை. "அதென்ன சார் கேள்வி?" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.