எனக்குத் தொறக்குதே

‘எனக்குத் தொறக்குதே’ என்ற இனத்தாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தன் வீட்டில் விளக்கு எரிந்தால் ஊருக்கே கரண்ட் வந்துவிட்டது என்று நம்புகிற கூட்டம். சங்கத்தில் உண்டு, கோயில் கமிட்டியில் உண்டு. இப்போது லேப்டாப்பிலும் புகுந்துவிட்டது.

ராஜபாளையத்துச் சிவபாண்டி அதில் அசல் வார்ப்பு. தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்கும் மதினி பாண்டிசெல்விக்கு இணையத்தில் கடை கட்டினான். சாதாரணக் கடையா? லேப்டாப்புக்குள் கன்டெய்னர் என்று பெட்டி பெட்டியாக அடுக்கி, படத்துக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று என்று பிரித்து, மொத்தத்துக்கும் கிளஸ்டர் என்று பேர் சூட்டி, வருகிறவரை உரிய பெட்டிக்கு அனுப்ப இன்கிரெஸ் என்று ஒரு தலைவாசலும் வைத்து, அந்த வாசலின் விலாசத்தைத் தன் லேப்டாப்புக்கு மட்டும் சொல்லிவைத்தான். ஊரார் போன்களுக்கு வழிகாட்டும் வெளி இணையத்துக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வெளியூர் மொத்த வியாபாரி சோலைச்சாமி உட்கார்ந்திருக்கிறார். பஸ் வருவதற்குள் டிசைன் பார்த்து ஆர்டர் சொல்வார். அது தப்பினால் தீபாவளி வரை பாண்டிசெல்வியின் தையல் மிஷின்கள் சும்மா கிடக்கும். அவருக்குக் காட்ட, பக்கத்தில் நின்ற பாண்டிசெல்வி கொழுந்தன் அனுப்பிய லிங்க்கைத் தட்டினாள். திறக்கவில்லை. போன் போட்டாள்.

“எனக்குத் தொறக்குதே மதினி.”

டவர் சரியில்லை என்றான். போனை அணைத்துப் போடச் சொன்னான். சோலைச்சாமியின் போன் பழசு என்று தீர்ப்பளித்தான். ஒவ்வொரு புகாருக்கும் தன் லேப்டாப்பிலேயே திறந்து பார்த்துப் பூரித்தான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான்.

“அவியள ஒரு எட்டு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. இங்க ஜோராத் தெரியும்.”

“ஏலே, வாசல வீட்டுக்குள்ள பாத்து வச்சுட்டு வெளியில நிக்கவனக் குத்தம் சொல்லுதியா? போன வையி.”

பையில் இருந்த நைட்டிகளை டீக்கடைக் கொடியில் வரிசையாக மாட்டினாள். ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேர் கொண்ட குன்றில் பெருமாளைப் பார்த்துத் திரும்பிய பெண்கள் மொய்த்துவிட்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் டீ கிளாஸைப் பறிகொடுத்த சோலைச்சாமி, அந்தக் கூட்டத்தைப் பார்த்தே ஆர்டர் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினார்.

செய்தி கேட்ட சிவபாண்டி அசரவில்லை. “நான் சொன்னேன்ல, செத்த நேரத்துல தொறந்துரும்னு” என்றான். இணையக்கடைக்கு அமோக வெற்றி என்று ஸ்டேட்டஸும் போட்டான்.

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்கள் அருமையான யோசனையை ஊர் கண்டுகொள்ளவில்லை என்று குமுறுகிறீர்களே, அதை ஊருக்குச் சொன்னீர்களா? இல்லை, குளிக்கும்போது நீங்களே முன்மொழிந்து, நீங்களே வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிவிட்டீர்களா?