கல் ஸ்கூல் பந்த் தா

தெரியாத பாஷையில் பேசி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை. “நல்லா வேணும்” என்றுதான் தோன்றும். இவ்வளவு கல்நெஞ்சு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்துக்கே தலைவனாக இருக்கத் தகுதியுள்ள ஒருவனை எனக்கு நெருக்கமாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குத் தமிழாசிரியராக வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு பி.எட். பட்டமும், கட்டுரைப் போட்டிகளில் வாங்கிய கேடயங்களும், இவை எல்லாவற்றையும் விடக் கனமான ஒரு தலையும் இருந்தன. டெலானிபூர் மேட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. (பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம்.) பள்ளிக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது.

அந்த ஊரில் ஒரு வீடு பெங்காலி, அடுத்த வீடு தெலுங்கு, மேல் வீடு மலையாளம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி. அந்த ஹிந்தி தமிழ் வீடுகளுக்குள்ளும் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. “ஜல்தி வா”, “பானி குடி”, “ஜூட் பேசாத” என்று பெற்றோர்கள் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் நான் மூக்கைச் சுளிப்பேன். ஜூட் என்றால் பொய். பொய்யைக்கூடத் தமிழில் சொல்லத் தெரியாதவர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் நக்கல் அடிப்பேன். இவர்கள் கட்டும் ஃபீஸில்தான் என் மெஸ் சாப்பாடு நடக்கிறது என்ற விஷயம் அந்தக் கனமான தலைக்குள் இறங்கவில்லை.

ஹிந்தியை நானும் கற்றுக்கொண்டிருந்தேன், என் பாணியில். ஒரு மாதத்தில் கற்றுத் தருவதாகச் சத்தியம் செய்யும் ஒரு புத்தகத்தை வாங்கி, நிகழ்காலம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டேன். இறந்தகாலமும் எதிர்காலமும் பாக்கி. மீதியைக் காதாலேயே பிடித்துவிடலாம் என்ற திமிர். பஸ்ஸில் கேட்டதில் பெரிய மனிதர்கள் பலரும் வாக்கியத்தை “தா” என்று முடித்தார்கள். “ஹை” என்றால் சாதாரணம், “தா” என்றால் மரியாதை என்று நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். அதை யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்கலாம் என்று தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியிலேயே ஹிந்தி டீச்சர் ரோசி உட்கார்ந்திருந்தாள். ஊரை ஒட்டிய கராச்சர்மாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளிடம் கேட்பதா? அவள் தண்ணீருக்கே பானி என்பவள்.

இந்த நிலையில்தான் எங்கள் பள்ளிக்கு ‘வெர்ச்சுவல் லேர்னிங் டே’ என்ற ஞானோதயம் பிறந்தது. கொரோனா போய்விட்டது. அது விட்டுப்போன ஆன்லைன் வகுப்பு மட்டும் வீட்டை விட்டுப் போகாத விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டது. பள்ளி ஒரு நாள் மூடினாலும் பிள்ளைகளின் அறிவு கசிந்துவிடும், ஆகவே செல்போன் வழியாக அடைத்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கை. மழை பெய்தால் நெட் போய்விடும், மழை பெய்தால்தான் பள்ளியும் மூடும் என்ற சின்ன முரண்பாட்டை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் ப்ரொபேஷன் முடியப்போகும் சமயம். பள்ளியின் சொந்தக்காரரான தாளாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் மெயின்லேண்டுக்குக் கப்பல்.

ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மழையில் பள்ளிக்குப் பின்புறச் சரிவில் நின்ற பெரிய மரம் சாய்ந்து, முன்வாசல் வரைக்கும் வந்து விழுந்தது. வெட்டி அகற்ற ஒரு நாள் ஆகும். வியாழக்கிழமை பள்ளி கிடையாது, வெர்ச்சுவல் லேர்னிங் டே. ஏழாம் வகுப்புக்குப் பொறுப்பாசிரியர் நான். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு ‘கம்யூனிகேஷன் இன்சார்ஜ்’ என்ற கிரீடமும் எனக்குத்தான்.

“நாளைக்கு உங்க கிளாஸைத் தாளாளரே பார்க்கப் போறார்” என்றார் பிரின்சிபால் மேடம். பெங்காலிக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆங்கிலத்தில்தான் சொன்னார். “பேரன்ட்ஸுக்குத் தெளிவா சொல்லிடுங்க.”

தெளிவாகத்தான் சொன்னேன். “அன்புசால் பெற்றோரே, மரம் வீழ்ந்தமையால் நாளை நம் பள்ளியில் மெய்நிகர் கற்றல் நாள் அனுசரிக்கப்படும்.” அனுப்பிவிட்டு ஒரு தடவை நானே படித்து ரசித்தேன்.

முதல் பதில் ஒரு கும்பிடு. அடுத்தது, “ஆழ்ந்த இரங்கல்.” அதற்கடுத்து, “நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே.” வீழ்ந்தது, அனுசரிப்பு என்ற இரண்டையும் சேர்த்து வாசித்த நல்ல மனிதர்களுக்கு நடுவில் மரம் இருந்தது கண்ணில் படவில்லை. தமிழே தெரியாத தெலுங்கு, மலையாளப் பெற்றோர்களும் ஊரோடு ஒத்துப்போய் ‘RIP’ போட ஆரம்பித்தார்கள். பிரின்சிபால் மேடமும் ஒரு கும்பிடு போட்டார்.

ஜெனிபரின் அம்மா பிலோமினா, தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து கராச்சர்மாவில் மீன் விற்கிறவர், வாய்ஸ் மெசேஜே போட்டுவிட்டார். “சாரே, யாருக்கு அடக்கம்? பெரிய மேடத்துக்கா? காலையில நல்லாத்தான இருந்தாவ?”

மேடம் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். நான் அனுப்பியதை அழிக்க வேண்டும், எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஹிந்தியில் பேசி அனுப்ப வேண்டும், உடனே. நான் அழித்தேன். இனி யாரும் அஞ்சலி செலுத்தாதபடிக்கு, அட்மின் மட்டுமே பேசலாம் என்று குரூப்பையும் பூட்டினேன். பெற்றோருடன் தொடர்பு என்றால் நாம் பேசுவது, அவர்கள் கேட்பது. நிர்வாகத்தின் நெடுநாள் கனவு அது. என் ஒரு விரலால் நிறைவேறியது.

ரோசி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். “சார், வாய்ஸ் நான் குடுக்கவா?”

“வேணாம்மா. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?”

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனிதர்களைப் போல மரியாதையாகப் பேசினேன்.

“கல் ஸ்கூல் பந்த் தா. கர் மே ஆன்லைன் க்ளாஸ் தா. பச்சா லோக் ஸ்கூல் நஹி ஆயா.”

ஹிந்தியில் ‘கல்’ என்ற சொல் நாளையையும் குறிக்கும், நேற்றையும் குறிக்கும். (இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாடே வேலை பார்ப்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.) எந்தக் கல் என்பதை வாக்கியத்தின் வால்தான் சொல்லும். ‘ஹோகா’ என்றால் நாளை. நான் போட்ட மரியாதைக்குரிய ‘தா’ இருக்கிறதே, அது சுத்தமான இறந்தகாலம். ஆக நான் ஏழாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் தெரிவித்தது இது: நேற்று பள்ளி மூடியிருந்தது, நேற்று வீட்டில் ஆன்லைன் வகுப்பு நடந்தது, நேற்று பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரவில்லை.

நேற்று என்பது செவ்வாய்க்கிழமை. அன்று பள்ளி ஜோராக நடந்தது. பிள்ளைகள் எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு காலையில் போய், மாலையில் திரும்பி வந்திருந்தார்கள். அப்படியானால் நாள் முழுக்க எங்கே போனார்கள்? அன்று மாலை போர்ட் பிளேரின் ஏழாம் வகுப்பு வீடுகளில் நடந்த விசாரணைகளை நான் பார்க்கவில்லை. என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கும் வழியில்லை, குரூப் பூட்டிக் கிடந்தது. கூப்பிட்டவர்களின் அழைப்பும் எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் வகுப்புக்குத் தயாராகிறேன் என்று போனை சைலன்ட்டில் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை நெட் அதிசயமாக நன்றாக இருந்தது. சட்டை போட்டு டை கட்டி, கேமராவுக்குத் தெரியாத பகுதிக்குக் கைலியே போதும் என்று விட்டுவிட்டு, போன் முன்னால் உட்கார்ந்தேன். பிரின்சிபால் மேடம் திரையில் வந்தார். தாளாளர் வந்தார். பிள்ளைகள் வரவில்லை.

“வேர் ஆர் த சில்ட்ரன்?” என்றார் மேடம்.

“கமிங், மேடம்” என்றேன். யாரும் வரவில்லை. சும்மா இருப்பது அழகில்லை என்று அந்த இரண்டு பெரியவர்களுக்கும் ஆகுபெயர் நடத்த ஆரம்பித்தேன். தாளாளர் தமிழர்தான், ஆனாலும் அவர் முகத்தில் எந்த ஆர்வமும் தெரியவில்லை. அப்போதுதான் ரோசியின் அழைப்பு வந்து திரையின் உச்சியில் நின்றது. எடுத்தேன்.

“சார், கிளாஸ் முழுக்க ஸ்கூல் கேட்டாண்டதான் நிக்குது. பேரன்ட்ஸும்தான். பிலோமினாக்கா என்னையும் கராச்சர்மாலேர்ந்து பஸ்ல இழுத்துட்டு வந்துட்டாங்க. நீங்க உடனே வாங்க.”

போனைக் கையில் பிடித்தபடி ஓடினேன். வகுப்பை அணைக்கவில்லை என்பது நினைவில் இல்லை. கீழே என்ன உடுத்தியிருக்கிறேன் என்பதும் நினைவில் இல்லை. மேடு ஏறும் வழியெல்லாம் என் கைலியும், சேறும், வானமும் மாறி மாறித் தாளாளருக்கு நேரலையில் போய்க்கொண்டிருந்தன.

கேட் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் விழுந்த மரம். அதற்கு முன்னால் குடைகளோடு பெற்றோர்கள், ஆளுக்கொரு பிள்ளையைக் கையில் பிடித்தபடி. பல பிள்ளைகளின் கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் பிலோமினா மகளை முன்னால் தள்ளினார்.

“சாரே, செவ்வாக்கெழம ஸ்கூல் பந்துன்னு நீங்கதான சொன்னிய? இவ பைய மாட்டிட்டுப் போனா, அந்திக்குத் திரும்பி வந்தா. எங்க போனன்னு கேட்டா ஸ்கூலுக்குத்தாங்கா. ரெண்டு போட்டேன். அப்பவும் ஸ்கூலுக்குத்தாங்கா. இவ அப்பா ஃபீனிக்ஸ் பேலேர்ந்து மீன்புடிக்க போட்ல போயிட்டாவ, வர நாளாவும். நான் ஒத்தையில இவள எப்படிப் பாக்க? நீங்களே கேளுங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “செவ்வாய்க்கிழமை ஸ்கூல் இருந்ததே” என்றேன்.

“அப்ப ஏன் தா-ன்னு சொன்னிய?”

நான் ரோசியைப் பார்த்தேன். அவள் என் காதருகே வந்து, “சார், தா-ன்னா முடிஞ்சு போனது” என்று மெதுவாகச் சொன்னாள். இவ்வளவு நாள் நான் எழுதி வைத்திருந்த விதி முழுவதும் அந்த இடத்திலேயே இடிந்து விழுந்தது.

ஜெனிபர் அப்போதுதான் பேசினாள். அழுது முடித்த குரல். “செவ்வாக்கெழம நீங்கதான சார் என்ன பெஞ்சு மேல ஏத்துனீங்க? கட்டுரையில ‘நேற்று வருவேன்’னு எழுதுனதுக்கு. காலப் பிழைன்னு எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டுனீங்களே.”

ஆமாம். ஏற்றினேன். ‘நேற்று வருவேனாம்’ என்று சொல்லி வகுப்பையே சிரிக்கவும் வைத்தேன். அந்த நிமிடத்தில் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ரோசி நடந்ததை எல்லாம் ஹிந்தியில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். முதலில் ஒரு மலையாளத் தந்தை சிரித்தார், பிறகு எல்லோரும். பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“சார் ஜூட் பேச மாட்டாரு, நீதான் பேசுதன்னு சொல்லி அடிச்சேன் சாரே.”

எனக்குக் கிடைத்த திட்டுகளிலேயே மிகவும் வலித்தது அதுதான். அதில் திட்டே இல்லை. படித்தவன் பேச்சை நம்பி ஒரு தாய் பெற்ற பிள்ளையைப் பொய்க்காரியாக்கியிருக்கிறாள். அந்தப் படித்தவன் கைலியும் டையுமாக நிற்கிறான்.

“நான் என்ன செய்யட்டும்?” என்று ஜெனிபரிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“நீங்களும் ஏறணும் சார்.”

பெஞ்சு இல்லை, மரம் இருந்தது. ஏறினேன். ஈரமரம் வழுக்கியது. ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொண்டு, ரோசி கீழே நின்று சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். “ஆஜ் ஸ்கூல் பந்த் ஹை. கல் குலேகா. கலத்தி மேரா தா.” இன்று விடுமுறை, நாளை திறக்கும், தப்பு என்னுடையது. கடைசி வாக்கியத்திலும் ஓர் இலக்கணப் பிழை உண்டாம். கூட்டம் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டது.

அப்போது என் மற்றொரு கையிலிருந்த போன் பேசியது. தாளாளர். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“மாஸ்டர், உங்க எதிர்காலத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

புத்தகத்திலும் அதுதான் பாக்கி இருந்தது. கப்பல் ஏற்றவில்லை, நிரந்தரமும் இல்லை, ப்ரொபேஷனை இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள். அந்த வருடம் முழுக்க இடைவேளைகளில் ரோசியிடம் ஹிந்தி எதிர்காலம் படித்தேன். முதல் நாள், “தண்ணி வேணுமா, பானி வேணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தாள். இரண்டையும் வாங்கிக் குடித்தேன். பாடம் நீண்டு கல்யாணத்தில் முடிந்தது. பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா சம்பளத்தைக் கேட்கவில்லை. “தம்பிதானா அந்த மரத்து மேல?” என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் யாரோ போனில் எடுத்த அந்தப் படம் அதற்கு முன்பே கராச்சர்மா வரை போயிருந்தது.

இன்றைக்கும் குழாயைச் சரி செய்கிறேன், கேஸுக்குச் சொல்கிறேன், எதுவானாலும் நாளைக்கு என்று நான் வாய் திறந்தால் ரோசி தலையைத் தூக்காமலே கேட்பாள்: “தாவா, ஹோகாவா?” எங்கள் மகளுக்கு இன்னும் பேச்சு முழுதாக வரவில்லை, அந்தக் கேள்வி வந்துவிட்டது. பள்ளியில் இப்போதும் மரம் விழுகிறது, வெர்ச்சுவல் லேர்னிங் டே வருகிறது. அறிவிப்பை ரோசிதான் பேசி அனுப்புகிறாள், குரூப்பைப் பூட்டுவதில்லை.

ஜெனிபர் மேல்நிலை வகுப்புக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் நாள் அவளிடமிருந்து எனக்கு ஒரு வரி வரும்: “சார், கேக் எடுத்துட்டு நேற்று வருவேன்.” அதைப் படித்ததும் ரோசி மறுநாள் டீக்குக் கூடுதல் பால் சொல்லிவைப்பாள். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தில் பிழை கிடையாது.