கரண்ட் ஏற்றிய பீன்ஸ்

வீட்டு விஞ்ஞானி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். கைப்பேசியில் பாதி பார்த்த வீடியோ, பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய டிரான்ஸ்ஃபார்மர், மனைவிக்குத் தெரியாமல் சமையலறையிலிருந்து கிளப்பிய வடிகட்டி, இந்த மூன்றும் ஒரே நாளில் கையில் சேர்ந்துவிட்டால் போதும், மனிதர் சாப்பாட்டை மறந்து மேசைக்கடியில் புகுந்துகொள்வார். வெளியே வரும்போது விவசாயத்தைக் காப்பாற்றியிருப்பார்.

எங்கள் மாடி வீட்டுக்காரர் இந்த இனத்தில் அசல். விதைக்கு மின்சாரம் கொடுத்தால் விளைச்சல் கூடும் என்பது அவருடைய லேட்டஸ்ட். ஆய்வுக்கூடத்தில் அளந்து, பொறுத்து, இதையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இவருடைய அளவு என்ன தெரியுமா? 'லேசா வாசனை வர்ற வரைக்கும்.'

விதைப்புக்கென்று மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாங்கி, வண்டி கிடைக்கும்வரை அக்கா வீட்டில் போட்டுவைத்த பீன்ஸ் விதை மூட்டைமேல் இவர் கண் விழுந்தது.

"மூட்டை முழுக்க ஏத்திடறேன். மச்சான் அசந்துடுவான் பாரு!"

"அவன் அசந்துட்டுப் போகட்டும்," என்றாள் மனைவி. "முளைக்கலன்னா இந்த வருஷம் அவன் பொழப்பு என்னாகும்? முதல்ல ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்க."

ஒப்புக்கொண்டார். இரண்டு தட்டு. கரண்ட் ஏற்றிய விதைக்கு அடையாளமாகச் சிவப்பு நூல். நியாயமான சோதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் சிவப்பு நூல் தட்டு ஜன்னலோரம் குடியேறியது. மற்றது செருப்பு அலமாரி மேலே. சிவப்பு நூலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர், நடுநடுவே நலம் விசாரிப்பு. சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இத்தனை தடவை எட்டிப் பார்த்தவரில்லை. மற்றதற்கு? ஞாபகம் வந்தால் தண்ணீர்.

ஜன்னலோரம் பச்சைப்பசேலென்று முளைத்தது. அலமாரி மேல் இரண்டு நோஞ்சான்கள். மச்சான் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரவும் இவர் குதிக்கவும் சரியாக இருந்தது.

"பாத்தியாடா மச்சான் கரண்டோட வேலையை! அவிழு மூட்டையை!"

"அவிழ்க்கலாம்ங்க," என்றாள் மனைவி. "ஆனா ஜன்னல்ல இருக்கறது கரண்ட் ஏத்தாத விதை. அன்னிக்கு விதை போட்டுட்டு நீங்க கை கழுவப் போனப்பவே நூலை மாத்திக் கட்டிட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பேச்சை மாற்றியிருப்பார்கள். இவரா?

"ஒரே ரூம்ல இருந்துச்சுல்ல? இதுக்கும் பரவியிருக்கும்."

"அப்படியா? மூட்டையும் இதே ரூம்லதான் இருந்துச்சு. அதுக்கும் பரவியிருக்கும். தம்பி, தூக்குடா!"

மூட்டை தப்பியது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கைவைத்தியம், உங்கள் கட்சி, உங்கள் செல்லப் பிள்ளை என்று எதையாவது நிரூபித்துவிட்டு, 'நான் அப்பவே சொன்னேனே' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டீர்களே, அன்றைக்கு ஜன்னலோரம் இருந்தது எந்தத் தட்டு? நூல் மாறவில்லை என்றா சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.