குடில் நிறைய சூசை மேஸ்திரி

காக்கா பிடிப்பவனுக்கு நிதானம் வேண்டும். எனக்கு அது இல்லாமல் போனதால்தான் ஒரு துறைமுகமே கைநழுவிப் போனது. (துறைமுகம் என்பது சும்மா ஜம்பத்துக்கு. அங்கே மூட்டை எண்ணுகிற வேலைதான்.)

அறுபதுகளின் கடைசி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் டெம்பரவரி கிளார்க். பர்மனென்ட் ஆனால்தான் பிலோமினாவை எனக்குக் கட்டிக் கொடுப்பேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர், சுமைக்கூலிகளுக்குத் தலைவரான சூசை மேஸ்திரி. ஆக, என் கல்யாணம் மேஸ்திரியின் வாயில் இருந்தது. அந்த வாயில் எப்போதும் வெற்றிலையும் இருந்தது.

மேஸ்திரிக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய கன்னம், இடது கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு. அந்த வருஷம் கல்மண்டபத்தில் எங்கள் சந்தின் கிறிஸ்துமஸ் குடிலை அவர்தான் திறந்து வைப்பதாக ஏற்பாடு. எனக்குக் களிமண்ணில் பொம்மை பிடிக்க வரும். “எல்லா பொம்மையும் நானே செய்றேன்” என்று பொறுப்பை வாங்கிக்கொண்டேன். மாதாவின் கணவரான சூசையப்பருக்கு மேஸ்திரியின் முகத்தை வைத்துவிடுவதுதான் திட்டம். பேரும் ஒன்று. மனுஷன் உருகிப் போய்விடமாட்டாரா?

முக்கால் சாண் உயரத்தில் சூசையப்பரைப் பிடித்தேன். மரு உட்பட அச்சு அசல் மேஸ்திரி. அதற்கே டிசம்பரில் பாதி ஓடிவிட்டது. மாதா, ராஜாக்கள், இடையர்கள், தேவதூதரான சம்மனசு எல்லாரும் பாக்கி. ஒவ்வொருவராகப் பிடித்தால் ஈஸ்டருக்குத்தான் குடில் திறக்க முடியும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில் நான் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை.)

அச்சு எடுத்து வார்த்துவிட்டால் போதாதா? ரப்பர் அச்சுக்கெல்லாம் வசதி இல்லை. ரம்ஜான் நோன்பு மாதத்தில் இனிப்பு செய்வார்களே, அந்தக் கடல்பாசியை வாங்கிக் கெட்டியாகக் காய்ச்சினேன். சூசையப்பரைப் பால்பவுடர் டின்னுக்குள் நிற்கவைத்து, அவர் தலை முழுக ஊற்றினேன். ஆறி இறுகியதும் வெளியே எடுத்து, பக்கவாட்டில் கத்தியால் கீறி, பொம்மையை உருவிவிட்டுக் கயிற்றால் கட்டினால் அச்சு தயார். அப்புறம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்ற வேண்டியதுதான். இவ்வளவு மலிவாக இந்த உலகத்தில் எவனும் அச்சு செய்திருக்க மாட்டான் என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஒரே அச்சு, அத்தனை பேருக்கும். ராஜாக்களுக்கு சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளில் கிரீடம், இடையர்களுக்கு ஈர்க்குச்சிக் கோல், சம்மனசுக்கு அட்டை இறக்கை. மாதாவுக்கு மட்டும் மீசையைச் சுரண்டி முக்காடு போட்டேன். பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு தைரியம். ஆனால் பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டில் கடல்பாசி இளகும் என்பது என் மரமண்டைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சு கரைந்து, மேஸ்திரியின் கன்னம் ஊதிக்கொண்டே போனது. மருவும் சேர்ந்து வளர்ந்தது. கடைசி இடையனுக்கு அது இரண்டாவது மூக்கு மாதிரி ஆகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், ஜரிகை வேட்டியில் வந்த மேஸ்திரி திரையை விலக்கினார். குடிலுக்குள் மேஸ்திரி நின்றிருந்தார். பக்கத்தில் அவருக்கே மனைவியாக, முக்காடு போட்ட மேஸ்திரி. அவர்களைப் பார்க்க மூன்று மேஸ்திரிகள் காணிக்கையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆடு மேய்த்ததும் மேஸ்திரிகளே. கூரைக்கு மேலே இறக்கை கட்டிக்கொண்டு கயிற்றில் ஆடியதும் அவர்தான்.

“எம்மாடியோவ், மாதாவுக்கும் மரு கீதே!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். வேறு யார், என் பிலோமினாதான். அவ்வளவுதான், சந்து விழுந்து விழுந்து சிரித்தது. வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தார்.

“இன்னாடா இது? எல்லாம் நானே கீறேன்?”

“மேஸ்திரி... அது வந்து...”

கடையில் வாங்கிக் கிடத்தியிருந்த குழந்தை இயேசுவைக் காட்டினார். “அப்போ கொயந்த மட்டும் ஏன்டா வேற மாரி கீது?”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். மனுஷன் நிஜமாகவே உருகிவிட்டார்! இதுதான் சமயம் என்று, “மேஸ்திரி, அந்த பர்மனென்ட் விஷயம்...” என்று இழுத்தேன்.

“அத்த வுடு நைனா!” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஆண்டவரு குட்த்த கை இது. இத்த வெச்சிகினு மூட்டை எண்ணுவியா? நாளைக்கே மொதலாளியாண்ட சொல்லி உன்ன நிறுத்திட்றேன். நீ பொம்மை செய்யி!”

சொன்னபடி செய்தார், புண்ணியவான். புது வருஷம் பிறக்கும்போது எனக்கு வேலை இல்லை. அழுகையே வந்துவிட்டது. அவர் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க இன்னும் ஒரு டஜன் சூசையப்பர் வேண்டும் என்று வேறு கேட்டு அனுப்பினார்.

கடைசியில், அச்சில் ஊற்றத் தெரிந்தவன் என்று திருவொற்றியூரில் ஒரு சாக்பீஸ் பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள். அது பர்மனென்ட். பிலோமினாவின் அப்பா முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது யாரையாவது ஓவராகப் புகழ்ந்தால் பிலோமினா விடமாட்டாள். “போதும், மாதாவுக்கும் மரு வெச்சிடாத” என்பாள்.

அந்த முதல் சூசையப்பர் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக் குடிலில் நிற்கிறார். போன கிறிஸ்துமஸுக்குப் பேத்தியைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பீடத்தில் இருந்த சூசையப்பர் சொரூபத்தை அவள் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பூசையே நின்றுபோகிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்:

“தாத்தா, இவருக்கு மருவே இல்லியே! இவரு டூப்ளிகேட்டா?”