பூஞ்சை பிடிக்காத வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் நலமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இருபது வருடம் அறிவியல் நடத்திய உன்னிடம் மறைத்து என்ன பயன்? நலமில்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

என் மகள், உன் செல்ல மருமகள், போன வருடம் பள்ளியில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். அதனால்தான் அவள் அம்மா வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மண்ணை அளைவது, தண்ணீரை ஊற்றுவது, எதையாவது முளைக்க வைப்பது, ஐந்து வயதுக்கு இதுதான் அறிவியலாம். கொஞ்சம் சும்மா இரு என்று நாங்களே கெஞ்சும் அளவுக்குப் பேச்சும் வந்தது. வரும் வியாழக்கிழமை கல்வி அதிகாரி வந்து அவளிடம் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் வீட்டுப் படிப்பு தொடரும். வாயைத் திறக்காவிட்டால் மறுபடியும் அதே பள்ளி, அதே கடைசி பெஞ்ச். இந்த நேரம் பார்த்து அவள் அம்மாவுக்குப் பத்து நாள் வெளியூர் வேலை. சுவரில் ஒரு அட்டவணையை ஒட்டி, "இதுல இருக்கிறத அப்படியே செஞ்சா போதும். நீங்களா எதுவும் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாள்.

சத்தியமாக நான் யோசிக்கவில்லை அக்கா. திங்கட்கிழமைக்கு 'வண்ண அரிசி: கையால் அளைந்து உணர்தல்' என்று போட்டிருந்தது. பத்தொன்பது வருடமாக மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறவன், வெறுங்கையால் தொட விடுவேனா? கையுறை மாட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் அளைந்தாள். "என்னம்மா தெரியுது?" என்றேன். "ரப்பர் தெரியுதுப்பா" என்றாள். சரி, ஏதோ உணர்ந்திருக்கிறாள் என்று குறித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஜன்னலோரம் துடைக்கப் போனால் மூன்று பைகளில் மூன்று பிரெட், இரண்டில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. என் வீட்டில் பூஞ்சை! பதறியடித்து அள்ளியதில் ஒரு பை கிழிந்து கையெல்லாம் பச்சை. எல்லாவற்றையும் குப்பையில் போட்டு, தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்து, கிருமிநாசினி தெளித்து ஜன்னலைப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் பெருமையாகத் திரும்பினால் குழந்தை நிற்கிறாள், கையில் பூதக்கண்ணாடியோடு. அம்மாவும் மகளும் ஒரு வாரமாக வளர்த்த பூஞ்சையாம் அது. 'பஞ்சு' என்று பேர்கூட வைத்திருக்கிறாள். "பஞ்சு எங்கப்பா?" என்று கேட்டாள். நான் குப்பைக்கூடையைக் காட்டினேன். அழுதிருந்தால் பரவாயில்லை, அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அட்டவணையைப் படித்து அன்றே மறுபடியும் தொடங்கினேன். ஒரு பிரெட்டை யாரும் தொடக்கூடாது, ஒன்றைக் கழுவாத கை தொடவேண்டும், ஒன்றைக் கழுவிய கை. கழுவாத கை அவளுடையது. கழுவிய கை யாருடையது என்று கேட்கவா வேண்டும்? முழங்கை வரை சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துக் கழுவி, துடைத்துவிட்டுத் தொட்டேன். அவள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள், வாயே திறக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. மூன்றும் அப்படியே வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. பிரெட் கடைக்காரரிடம் போய், "பூஞ்சை புடிச்சது ஏதாவது இருக்குமா? நல்லா பச்சையா இருந்தா ரெண்டு குடுங்க" என்றேன். "யாருய்யா உன்ன அனுப்புனது? எதிர்க்கடைக்காரனா?" என்று அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். மருத்துவமனை முழுக்கத் தேடினேன், அங்கேயும் இல்லை. என் வேலை அப்படி. அதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

பயமாக இருக்கிறது அக்கா. அவள் அம்மா போனில் கேட்டால் "தூங்கறா" என்கிறேன். "காலைல பத்து மணிக்கா?" என்கிறாள். நீ உடனே புறப்பட்டு வா. வரும்போது பூஞ்சை பிடித்த பிரெட் கொண்டு வா. பஞ்சைக் கண்டாலாவது பேசமாட்டாளா? சுத்தமாக இருந்தது ஒரு தப்பா, அதையும் வந்து சொல்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். உன் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்தது நல்லதாயிற்று. நீ வரவேண்டாம், பிரெட்டும் வேண்டாம். இன்று திங்கட்கிழமை. அதிகாரி அம்மா மூன்று நாள் முன்னதாகவே வந்து நின்றுவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் நேராக ஜன்னலோரம் போய், "இது என்னம்மா?" என்று கேட்டார். ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் பச்சையாகப் பூஞ்சை வந்திருந்தது. என்னுடையதில். "யாரோ பைய மாத்தி வெச்சிருக்காங்க மேடம்" என்றேன். அப்போதுதான் குழந்தை வாயைத் திறந்தாள். "யாரும் மாத்தல. அப்பா கைய நல்லாத்தான் கழுவுனாரு. அப்புறம் பஞ்சத் தொடச்ச அதே துண்டுல தொடச்சாரு. பஞ்சு அதுலதான் ஒளிஞ்சிட்டிருந்துச்சு. திரும்பி வந்துடுச்சு!" பிறகு அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை. அதிகாரி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, வீட்டிலேயே படிக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது அவளுக்குக் கை கொடுத்தார். எனக்குத் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கத் துண்டை எடுத்தேன், "அப்பா!" என்று ஒரு அதட்டல். மருத்துவமனையில் நாற்பது பேருக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தவன் நான், இதை மாமாவிடம் சொல்லிவிடாதே. இந்தப் பின்குறிப்பை எழுதும் முன் கையைக் கழுவச் சொன்னாள், கழுவினேன். துடைக்க விடவில்லை. அதனால்தான் மை இப்படிக் கலைந்திருக்கிறது.