பூப்பந்துக்குப் பத்தாவது ஆள்

பாறசாலை
மேட மாதம் 26, மலையாள ஆண்டு 1129

கர்த்தருக்குள் பிரியமுள்ள மச்சினன் சுந்தரதாசுக்கு உன் அத்தான் செல்லையன் எழுதிக்கொள்வது. கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அக்காள் ஞானபாயின் முழங்கால் ஒன்றைத் தவிர. பெருங்கடவிளையில் நீயும் பிள்ளைகளும் பசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பதில் போடுவதில்லை ஆகையால் நம்ப மட்டுமே முடிகிறது. முப்பது வருஷம் அஞ்சல் ஆபீசில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்திய எனக்கு, மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை.

நிற்க. இதை நான் அத்தானாக எழுதவில்லை, நம் பூப்பந்துக் கழகத்தின் காரியதரிசியாக எழுதுகிறேன். கழகத்தில் இருபத்திரண்டு உறுப்பினர்கள். அவர்களில் தினமும் மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வருவது நான் ஒருவன்தான், துணைக்கு ஓர் ஆடு. மைதானம் லீலாபாய் டீச்சர் வீட்டை ஒட்டிய விளைநிலம் என்பது உனக்குத் தெரியும். ஆட்டம் நடக்கிற வரையில் விளை நமக்கு, ஆட்டம் நின்றால் அதில் மரச்சீனிக் கிழங்கு நடுவேன் என்று அன்றே சொல்லித்தான் தந்தார். போன வாரம் என்னை நிறுத்தி, "ஓய் செல்லையன், எனக்குப் பந்துச் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு? மழ வரப்போவுது. வெள்ளறடையில கம்புக்குச் சொல்லியாச்சு" என்றார். நடுவதற்கான அந்த மரச்சீனிக் கம்புக் கட்டு நேற்றே வந்து இறங்கிவிட்டது. நம் வலைக் கம்பத்தில்தான் சாய்த்து வைத்திருக்கிறார்.

உடனே நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவனுக்கு இடுப்பு, ஒருவனுக்கு மாமியார். இன்னொருவன், நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் தன் கேஸ் முடிந்த மறுநாளே வருவதாக வாக்குக் கொடுத்தான். கேஸ் அவன் அப்பா காலத்தில் போட்டது. பொன்னையன் மட்டும் உள்ளதைச் சொன்னான்: "அண்ணே, இப்பம் அங்க யாரு பந்து அடிக்கா? வாயடிதான் நடக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. நீ ஆட வராமல் நின்ற பிறகு நடந்ததைக் கேள். நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்கிறவர்கள் எலியாவின் தலைமையில் வலைக்குத் தெற்கே நின்றுகொண்டார்கள். இப்போது இருக்கிறபடி மலையாளத்தோடேயே இருக்கட்டும் என்கிறவர்கள் சிவதாணுவோடு வடக்கே. ஒரு செட் முடிந்தது, பக்கம் மாறுங்கள் என்று நான் விசில் ஊதினேன். யாரும் அசையவில்லை. "தெக்கு நம்ம பக்கமாக்கும். ஒரு அடி மண்ணு விட்டுக் குடுக்கமாட்டோம்" என்றான் எலியா. "அப்பம் நாங்க மட்டும் எதுக்கு வடக்க விடணும்?" என்றான் சிவதாணு. நான் மூன்றுமுறை ஊதினேன். தெருவில் போன பஸ்தான் நின்றது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மறுநாள் விடியற்காலம் நானே கோடுகளையெல்லாம் அழித்து, வலையைத் திருப்பிக் கட்டி, மைதானத்தைக் கிழக்கு மேற்காக்கிவிட்டேன். கிழக்குக்கும் மேற்குக்கும் இந்த ஊரில் கட்சி கிடையாது அல்லவா? இதை நினைத்து நான் அன்று முழுவதும் பெருமையோடு நடந்தேன். ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியபோதுதான் சூரியன் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. கிழக்கே நின்றவர்களுக்கு வெயிலில் பந்தும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. அதோடு விளைக்கு அந்தப் பக்கம் அகலம் பற்றாததால் மேற்கே பின்கோடு ஆட்டுக்கூட்டுக்குள் போய்விட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தார்கள், என்னை ஏசுவதற்கு. வலையைப் பழையபடி கட்டினேன்.

அதற்குள் அடுத்த இடி. ஊரில் ஊர்வலமும் கோஷமும் மிஞ்சிப்போனதால் ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பூப்பந்துக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர் என்பது அந்த உத்தரவை எழுதினவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் விடவில்லை. பக்கத்துக்கு இரண்டு பேராக எலியா, சிவதாணு, பொன்னையன், பொன்னுதாஸ் நால்வரையும் இறக்கிவிட்டு, ஐந்தாவது ஆளாகிய நான் வேலிக்கு அப்பால் அடுத்த விளையில் நின்றுகொண்டு எண்ணிக்கை சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"எத்ற பேருண்டு இவிடெ?" என்றார்.

"நாலு பேராக்கும் சார்" என்றான் எலியா.

"அப்போள் அவிடெ நில்க்குன்ன ஆளோ?"

"அது அடுத்த விளையாக்கும் சார். அவருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது."

கழகத்துக்காக இவ்வளவு பாடுபட்ட என்னைப் பற்றித்தான் அப்படிச் சொன்னான். நான் உடனே குனிந்து புல் பிடுங்க ஆரம்பித்தேன். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். "சர்வீஸ் ஷெரியல்லல்லோ" என்று குறை சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றி வலைக் கம்பத்தில் மாட்டிவிட்டு பொன்னுதாசின் கையிலிருந்த பேட்டை வாங்கி அடித்தாரே ஓர் அடி, பந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. "சார், இப்பம் அஞ்சு பேராயாச்சே" என்று சிவதாணு பயந்தான். "ஞான் கணக்கிலில்லடோ, ஞான் போலீஸல்லே?" என்றார் அவர். மற்றவர்கள் பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்; அன்றிலிருந்து என்னைத் தவிர தவறாமல் வருகிற ஒரே ஆள் அவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையோடு உத்தரவு தீர்கிறது. சனிக்கிழமை மாலை பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று முழு ஆட்டம் ஆடிக் காட்டினால் விளை நமக்கு. இல்லையென்றால் திங்கள் காலையில் குழி வெட்டு. இது டீச்சரின் முடிவான வார்த்தை. கெஞ்சியும், உன் அக்காளைவிட்டுக் கெஞ்சச் சொல்லியும் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டேன். அதில் ஒருவர் போலீஸ், ஒருவர் நான். பத்தாவது ஆள் நீ. வேறு ஆளே இல்லையா என்று கேட்பாய். இல்லை.

கும்ப மாதத்து ஆட்டத்தை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். இரண்டு பக்கமும் இருபத்தெட்டில் நின்று, ஜெயிக்க ஒரே எண்ணிக்கை பாக்கி இருந்தபோது நீ அடித்த பந்தை நான் அவுட் என்றேன். "அத்தான், கோட்டுல பட்டா உள்ளதானே? கோடும் நம்ம எடமாக்கும்!" என்று நீ கத்தினாய். நான் காரியதரிசி, எனக்குக் கட்சி கிடையாது, பென்ஷன்தான் உண்டு. பார்த்ததைச் சொன்னேன், அவுட் அவுட்தான். அந்தப் பந்தும் அன்றே கிணற்றில் விழுந்துவிட்டபடியால் இனி அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் நீ ஈஸ்டருக்குக்கூட இங்கே வராதது சரியில்லை. உன் அக்காள் அன்று உனக்கும் சேர்த்து இலை போட்டாள். அந்த இலைக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை. சனிக்கிழமை கோடு பார்க்கப் போவது நான் இல்லை, லீலாபாய் டீச்சர். அவருக்கு மரச்சீனியைத் தவிர வேறு கட்சி கிடையாது. ஆகையால் பயப்படாமல் வா.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்களும், உன் பெண்சாதிக்கு எங்கள் அன்பும், பசுவுக்கு உன் அக்காளின் விசாரிப்பும். கர்த்தர் உங்கள் எல்லாரையும் நல்ல புத்தியோடு காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
செல்லையன்
காரியதரிசி

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்காள் வாங்கிப் படித்தாள். "எல்லாம் நல்லா எளுதியிருக்கு. பந்து கெணத்துல விழுந்தது மட்டும் பொய்யாக்கும். மேசைக்குள்ள கெடக்கத நான் தெனமும் பாக்கேன்" என்றாள். ஆமாம், பந்து கிணற்றில் விழவில்லை. அன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசைக்குள் வைத்தேன். மஞ்சள் கம்பளியில் ஒரு பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, நம் கோட்டுச் சுண்ணாம்பு. உன் பந்து உள்ளேதான் விழுந்தது, சுந்தரதாஸ். நான் கண்ணால் பார்த்தேன். நீ அன்று கோஷம் போட்டுக்கொண்டே அடித்தாய், அந்தக் கோபத்தில் என் வாய் முந்திக்கொண்டது. பிறகு சொன்னதை மாற்ற வெட்கமாகிவிட்டது. துடைத்துவிடலாம் என்று எத்தனையோ முறை எடுத்தேன், மனம் வரவில்லை. சனிக்கிழமை அந்தப் பந்தை வைத்துத்தான் ஆட்டம். எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிட்டு உன் கையில் தருகிறேன். முதல் சர்வீஸ் நீ போடு.