கீல் பக்கத்துக் கைப்பிடி

அலமாரிக் கதவின் கைப்பிடியைக் கீல் இருக்கும் பக்கமே வரைந்து வைத்திருப்பது மாப்பிள்ளையின் கண்ணில் பட்டபோது, அடுத்த அறையில் மாமனார் வியாபாரி ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாப்பிள்ளை கை பட்ட டிராயிங்ல தப்புன்னு ஒண்ணு இருக்காது."

இரும்பு அலமாரி கம்பெனி மாமனாருடையது. டிராயிங் பிரிவு மாப்பிள்ளையின் பொறுப்பு. முன்பெல்லாம் இப்படித் தப்பு வந்தால் பூனை மாதிரி திருத்திவிட்டுப் போய்விடலாம். இப்போது எல்லா டிராயிங்கும் புது டேட்டாபேஸுக்குள் போய்விட்டன.

கைப்பிடியைச் சத்தமில்லாமல் இடம் மாற்றினார்.

தடுப்புக்கு அப்பாலிருந்து, கொள்முதல் பார்க்கும் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கைப்பிடியை மாத்தினீங்களா? எனக்கு மெசேஜ் வந்திருக்கு."

"சும்மா, அழகுக்கு."

"அப்பாவுக்கும் போயிருக்குமே!"

பதறிப்போய்ப் பழையபடியே வைத்தார். அதற்கும் ஒரு மெசேஜ் போனது.

கதவையே அழித்துவிடலாம் என்று பார்த்தார். 'இந்தக் கதவை நம்பிப் பல அலமாரிகள் உள்ளன. வேறு கதவு பொருத்தவா?' என்று கேட்டது டேட்டாபேஸ். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததாக நினைத்து, 'ஆம்' என்றார்.

அது தேடிப்பிடித்தது சாவிப்பெட்டியின் கதவை. திரையில் ஆளுயர அலமாரிகள் அத்தனையும், யானைக்குக் கோவணம் கட்டினாற்போல, உள்ளங்கை அகலக் கதவோடு நின்றன.

மாமனார் கைபேசியோடு வந்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, போன் வெட்டுக்கிளி மாதிரி துள்ளிக்கிட்டே இருக்கு?"

"டேட்டாபேஸ்ல ஏதோ கோளாறு மாமா."

"வாங்கின வாரமே கோளாறா? கூப்பிடு அந்தப் பொண்ணை!"

டேட்டாபேஸ் போட்டுக்கொடுத்த பெண் வந்தாள். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க சார். இது எல்லாரும் பழகிப் பாக்கறதுக்காக நான் வச்ச நகல். இதுல நீங்க என்ன பண்ணாலும் அசலுக்கு ஒண்ணும் ஆகாது."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமனார் அவர் தோளில் தட்டினார்.

"அப்ப அசல் பத்திரமா இருக்கில்ல?"

"நூத்துக்கு நூறு சார்! ஒரு புள்ளிகூட மாறாம காலையிலயே பட்டறைக்கு அனுப்பிட்டேன். இந்நேரம் எல்லாக் கதவுக்கும் கைப்பிடி வச்சு முடிச்சிருப்பாங்க."